டா லாட்டில் ஒரு பலகணி

ஜேர்மனியின் எசன் நகரில் கட்டட அனுமதி வழங்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிக்கட்டுக்கு எந்த உயரத்தில் கைப்பிடி வேண்டும் என்பதைத் தூக்கத்திலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு மனைவியுடன் வியட்நாமின் டா லாட் மலைநகருக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர் தம் ஊர்க் குளிரை நினைத்துக் கட்டிய பழைய வீடுகள் அங்கே பைன் மரங்களுக்கிடையே நிறைய உண்டு. சரிந்த கூரை, புகைபோக்கி, மஞ்சள் சுவர். அவற்றில் ஒன்று ஆளில்லாமல் திறந்து கிடந்தது. உள்ளே போனோம். மேல்மாடியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு மரப் பலகணி.

"அதிலை போய் நில்லும், படம் எடுப்பம்" என்றேன்.

"இஞ்சேருங்கோ, பலகை உக்கிப்போய்க் கிடக்குது."

"அப்பிடியெண்டால் தடுப்புப் போட்டு அறிவித்தல் ஒட்டியிருப்பினம். ஒண்டையும் காணேல்லை. பயப்படாமல் போம்."

ஜேர்மனியில் நெடுங்காலம் இருந்தவனுக்குத் தடுப்பில்லாத இடமெல்லாம் யாரோ பரிசோதித்து முடித்த இடம். அவள் என்னை நம்பிக் காலை வைத்தாள். பலகை முறிந்து ஒரு கால் முழங்கால்வரை கீழே போயிற்று. கைபேசியை எறிந்துவிட்டு, இரு கைகளையும் பிடித்து அவளை உள்ளே இழுத்தேன். அவளுக்குச் சிராய்ப்பு மட்டும்.

தரையில் இருந்தபடியே கேட்டாள்: "இனி ஆரிட்டை முறைப்பாடு குடுக்கப் போறியள்?"

இப்போதெல்லாம் பழைய கட்டடங்களுக்குள் முன்னால் நடப்பது நான்தான். அவள் வேண்டாம் என்ற இடத்தில் காரணம் கேட்காமல் திரும்பிவிடுகிறேன். படங்களை வாசலிலேயே எடுத்துக்கொள்கிறோம். அவற்றிலும் அவள் அழகாகத்தான் இருக்கிறாள்.