என் ஸ்லைடில் நிமிர்ந்து நின்ற அடும்பு

பார்க்காத பூவைப் பார்த்ததுபோலச் சொல்லிக்கொடுப்பதுதான் தமிழ் வாத்தியார் தொழில். கல்லூரியில் இலக்கியம் நடத்திக் களைத்த சகஜீவன்களே, நீங்களும் இந்தப் பாவத்தில் பங்காளிகள் என்ற தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

ஸ்மார்ட் போர்டு வந்தது

அடையாற்றில் நான் வேலை பார்க்கும் பெண்கள் கல்லூரியில் ஸ்மார்ட் போர்டு மாட்டிய வாரம், நெய்தல் திணைக்கு ஸ்லைடு போடச் சொன்னார்கள். நெய்தல் என்றால் கடலும் கடற்கரையும். நெய்தல் பாட்டுகளில் அடிக்கடி வரும் பூ அடும்பு. அபிராமபுரத்து வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் 'அடும்பு' என்று தேடினேன். ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் மாதிரிப் பூ, ஆள் உயரச் செடி, தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. லட்சணமாக இருந்ததால் எடுத்து ஒட்டிவிட்டேன்.

துறையில் என் பக்கத்து நாற்காலி லலிதா, அதைத் தன் வகுப்புக்கும் வாங்கிக்கொண்டார். "இவ்ளோ பளிச்சுனு படம் இருக்கறச்சே, வெயில்ல பீச்சுக்கு யார் போறது மேடம்?"

இரண்டு மார்க்

மூன்றாம் ஆண்டு மாணவி கஸ்தூரி, ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண். அகமதிப்பீட்டுத் தேர்வில் அடும்பின் தோற்றத்தை எழுதச் சொல்லியிருந்தேன். அவள், "மணல்மேல் படரும், இலை நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், பிடுங்கினால் மணல் பறந்து வீட்டுக்குள் வரும்" என்று எழுதியிருந்தாள். ஸ்லைடில் அப்படி இல்லையே என்று இரண்டு மார்க்கையும் அடித்தேன். எங்கள் கல்லூரியில் எம்.ஏ.வுக்குக் கட்டணமில்லாத இடம் ஒன்றே ஒன்று. அதை அகமதிப்பீட்டு மார்க்கை வைத்துத்தான் கொடுப்பார்கள்.

விடைத்தாளோடு வந்தாள். "மிஸ், இது எங்க வூட்டாண்ட கீது மிஸ். அடப்பங்கொடின்னுவோம்." வீட்டுப் பக்கம் இருப்பது வேறு, பாட்டில் இருப்பது வேறு என்றேன். பாட்டிலும் மணல் என்றுதான் இருந்தது. நான் படத்தைப் பார்த்தேனே ஒழிய பாட்டைப் பார்க்கவில்லை. அவள் விடைத்தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். "சரி மிஸ். அடுத்த பரிச்சைல உங்க படத்துல கீற மாரியே எழுதிடறேன்."

செயலி சொன்னது

அடுத்த ஆண்டு அதே ஸ்லைடு ஓடும்போது, முதல் வரிசைப் பெண் ஒருத்தி போனைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலியாம். அது நெய்வேலிக் காட்டாமணக்கு என்றது. சாக்கடை ஓரத்தில் மண்டுகிறதே, அதேதான். அந்தப் பெண் கேலி செய்யவில்லை, நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள். "மேடம், இது அமெரிக்காலேர்ந்து வந்ததாம். பாட்டு எழுதினவங்க இத எப்படிப் பாத்திருப்பாங்க?"

திருத்தப் போனேன்

கஸ்தூரியின் விடைத்தாளைத் தேடி எடுத்து, தவறு என்னுடையது என்று கடிதம் எழுதி அலுவலகத்துக்குப் போனேன். அந்த இரண்டு மார்க் இருந்திருந்தால் எம்.ஏ. இடம் அவளுக்குத்தான் கிடைத்திருக்கும். ஆனால் அதில் வேறொரு பெண் சேர்ந்து ஒரு பருவமே முடிந்திருந்தது. அந்தப் பெண்மேலும் குற்றமில்லை.

மார்க் ஏற்றும் சேகர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். "சிஸ்டம்ல லாக் ஆயிடுச்சு மேடம். தப்பாவே இருந்தாலும் இனிமே அதான் சரி."

மணலில் பார்த்தது

கஸ்தூரி தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடும் வேலைக்குப் போயிருந்தாள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று, "நீ எழுதினதுதான் சரி. நான்தான் தப்பு" என்றேன். சூப்பர்வைசர் பார்க்கிறாரே என்று ஒரு புடவையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். கண் கலங்கியது எனக்குத்தான். லீவு நாளில் தன் குப்பத்துக்கு வரச் சொன்னாள்.

போனேன். கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரம் விட்டு, குப்பையோடு கொடியையும் வாரியிருந்தார்கள். படகுகளுக்குப் பின்னால் ஒரு பாய் அகலத்துக்கு மிச்சமிருந்தது. குனிந்தால்தான் தெரிந்தது, பிளந்த இலையும் மணலோடு ஒட்டிய பூவும். பழைய ஸ்லைடை அழித்துவிட்டு இதைப் போடப்போகிறேன் என்றேன். அவளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

"கீழ என் பேரப் போடுங்க மிஸ். நான்தான் க்ளாஸ்ல இல்ல, பேராச்சும் இருக்கட்டும்."

இத்தனை வருஷம் நெய்தல் நடத்தியும், என் வகுப்பறையிலிருந்து கடல் இரண்டே பஸ் ஸ்டாப் தூரம்தான் என்பது பாடத்திட்டத்தில் இல்லாததால் எனக்குத் தெரியாமலே போயிற்று.