வலப்பக்கம் போட்ட நாற்காலி

மனு வாங்கும் அம்மாள் காரணம் எதுவும் கேட்கவில்லை. மனுவோடு வந்த பட்டாளத்துக்காரர் வலது காதையே திருப்புவதைப் பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி, அவருடைய வலப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். அதன்பிறகுதான் அம்மாள் பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. பீரங்கிச் சத்தத்தில் இடது காது போய் ஒன்பது வருடம். ஊரில் பெண்டாட்டியைத் தவிர யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தார்.

அவர் மனுப் போட்டது அதே அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென ஒதுக்கிய அரசு வேலைக்கு. அவருக்கு வயது வரம்பு அந்த மாதத்தோடு முடிகிறது. இதுவும் கைநழுவினால் மகளின் படிப்பு பாதியில் நிற்கும்.

"காயம்கிற கட்டத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்களே தம்பி?"

"நல்லாத்தாம்மா இருக்கேன்."

வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லிப் பழகிய வாய். காயத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு, அது சேராவிட்டால் அவர் பெயர் பட்டியலில் ஏறாது என்பது அம்மாளுக்குத் தெரியும்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "கோட்டா அக்கா, இன்னொரு கோட்டாவா? ஆபீஸே உங்க ஆளுங்களாப் போச்சு."

பட்டாளத்துக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. மனுவைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். அம்மாள் கொடுக்கவில்லை.

"சிறுபான்மைக்காரங்களுக்கு ஆள் எடுத்தப்ப, சமூகம்கிற கட்டத்தைக் காலியா விட்டுட்டு, வேலை கிடைக்காமப் போனவ தம்பி நான். இப்படிச் சொல்வாங்களேன்னு பயம். எங்க ஆளுங்க நாப்பது வீடு, ஒருத்தர்கூட இந்தப் படி ஏறினதில்ல. நாலு வருஷம் சட்டைக்குப் பட்டன் தச்சிட்டு, அப்புறம்தான் அந்தக் கட்டத்துல எழுதிக் கொடுத்து இங்க வந்தேன். இப்பவும் சொல்றாங்க. சொல்றவங்க ஃபைலையும் நான்தான் திருத்துறேன்."

பக்கத்து மேசைக்காரர் காகிதத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

பட்டாளத்துக்காரர் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'இடது காது கேளாது' என்று எழுதினார். பெட்டியின் அடியில் கிடந்த ராணுவ ஆஸ்பத்திரிச் சீட்டை மறுநாளே கொண்டுவந்து சேர்த்தார்.

வேலை கிடைத்தது. பதினோரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். தினமும் காலையில் ஒரு நிமிடம் கண்ணை மூடி இறைவனை நினைத்த பிறகே அம்மாள் பேனாவைத் தொடுவார். பட்டாளத்துக்காரருக்கும் 'காது கோட்டா' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு இடது காதைக் கொடுத்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

அம்மாள் ஓய்வு பெற்ற அன்று மனு வாங்கும் மேசை பட்டாளத்துக்காரரிடம் வந்தது. வாசற்படிவரை அம்மாளின் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அம்மாளை இறைவன் அழைத்துக்கொண்டான். அதனால் அன்று படியில் நின்று அம்மாள் சொன்னதே கடைசிப் பேச்சாயிற்று.

"நாற்காலியை ஒரே இடத்துல வச்சிடாதீங்க தம்பி. அடுத்து வர்றவருக்கு எந்தப் பக்கமோ."