அடையாள அட்டையின் கடைசி எழுத்து

காலை எட்டு ஐம்பதுக்கு என் மகளின் கணினி நிரல் நின்றுபோனது.

நாவற்குடாவில் அவளுடைய பாடசாலை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் மண்டப வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர்களைப் பதிவு செய்ய, உயர்தர வகுப்பில் படிக்கும் மகள் தானே அந்த நிரலை எழுதியிருந்தாள். அன்று அது ஒழுங்காக ஓடினால் மாகாணப் போட்டிக்கு அனுப்பலாம் என்று அவளுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார்.

முதலில் நின்ற இளம் தாயின் புதிய அட்டை இலக்கம் ஏறியது. அடுத்து, கிரானிலிருந்து வந்த ஒருவர் தன் பழைய அடையாள அட்டையை நீட்டினார். ஒன்பது இலக்கங்கள், கடைசியில் ஆங்கில ‘வீ’. மகள் தட்டினாள். திரையில் சிவப்பு வரி. மறுபடி தட்டினாள். மறுபடி சிவப்பு.

“என்னகா மகள், உன்ட கொம்பியூட்டருக்கு என்னத் தெரியாதாமா?” என்றார் அவர்.

“வீ எண்டா வயசுபோனவர் எண்டு அதுக்கு விளங்கிட்டு. உள்ள விடாதாம்” என்றார் பின்னால் நின்றவர். வரிசை முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்குரியது. முந்தின நாள் மாலை அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். நிரலில் ஒவ்வொரு விவரத்தையும் பெயரிட்ட ஓரிடத்தில் வைப்பார்கள், அதற்கு மாறி என்று பெயர். அதற்குள் இருப்பது எண்ணா, எழுத்துகள் கோத்த சரமா என்று சொல்வது தரவு வகை. அட்டை இலக்கத்தை அவள் சரம் என்று வைத்திருந்தாள். கணிதம் படிப்பிக்கும் எனக்கு அது பொறுக்கவில்லை.

“இலக்கத்தப் போய் எழுத்தா வச்சிருக்காய்? முழு எண்ணெண்டு மாத்து. பாக்கிற ஆக்கள் சிரிப்பாங்க.”

“அத நாம கூட்டிக் கழிக்கப் போறமா அம்மா? பேர் மாதிரித்தானே அது.”

“இத்தனை வருசமாக் கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு நீ சொல்லித் தாறியா?”

மாற்றினாள். தன் புதிய அட்டையைப் போட்டுப் பார்த்தாள். அதில் எழுத்தே இல்லை, எல்லாம் இலக்கம், ஏறியது.

“உங்கடயும் ஒருக்காத் தாங்கம்மா.”

கைப்பை அடுத்த அறையில் இருந்தது. “எண் எண்டா எண்தான், விடு” என்றேன். என் அட்டையும் ‘வீ’யில்தான் முடிகிறது. எத்தனை படிவங்களில் அந்த எழுத்தை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்!

ஆசிரியர் வந்து திரையைப் பார்த்தார். “இது சரமாத்தானே இருந்தது பிள்ளை? ஆர் மாத்தின?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் கைப்பைக்குள் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டேன்.

“நான்தான் சேர், யோசிக்காம மாத்திட்டன்.”

யாரோ தாளும் பேனையும் கொண்டுவந்தார்கள். வரிசை நகர்ந்தது.

நான் மண்டபத்தின் பின்பக்கம் போய், வாவியைப் பார்த்த மதிலோரம் நின்றேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை தன் பிழையை மற்றப் பிள்ளையின் தலையில் போட்டால் எழுப்பி நிற்க வைப்பேன். உள்ளே போய் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போகவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஆசிரியர்தான் என்று நினைத்துத் திரும்பினேன். மகள். திறந்த மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

“சேர் இன்னொருக்காப் பாப்பம் எண்டார். சரமா மாத்திட்டன். அட்டையத் தாங்கம்மா, முதல்ல உங்கடயப் போட்டுப் பாப்பம்” என்றாள். நான் கொடுத்ததும் சொன்னாள்: “மறுகா நீங்களே வந்து சேரிட்டச் சொல்லுங்க, ஆர் மாத்தச் சொன்னதெண்டு.”