கோட்டூர்புரத்துச் சந்தில் என் தாலியைக் காத்தவள்

போன சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் வீட்டுக்காரரை எங்கள் மாடே சுவரோடு சேர்த்துக் குத்தியது. இன்றைக்கு அவர் உயிரோடு இருக்கிறார். அம்மன் சந்நிதியில் கூடியிருக்கும் அக்கா தங்கைகளே, அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் வந்தேன்.

நாங்கள் கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள். நாலு கறவை, அதில் ஒருத்தி செவலை. அந்தக் கோடையில் வைக்கோல் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. தண்ணீர் லாரியும் எட்டிப் பார்க்கவில்லை. மனிதர்களுக்கே ஒரு குடத்துக்கு அடிதடி. அந்த நேரம் பார்த்துச் செவலை கன்று போட்டாள். காளைக் கன்று. கிடாரி என்றால் நாளைக்குக் கறக்கும், எப்படியாவது வைத்துக்கொள்ளலாம். காளையை வைத்துக்கொண்டு பட்டணத்தில் எந்த வயலை உழுவது? மாட்டுத் தரகரிடம் கொடுத்துவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம்.

"கீற தண்ணிய நாலு மாட்டுக்கு ஊத்துறதா, இதுக்கு ஊத்துறதா? நீயே சொல்லு" என்றார் அவர்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தாய் வெளியே மேயப் போயிருக்கும்போதுதான் கன்றை வண்டியில் ஏற்றுவோம். ஆனால் அந்த வாரம் மாநகராட்சி வண்டி வந்து தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பயந்து செவலையைக் கொட்டிலிலேயே கட்டிவிட்டோம். அவள் காதுக்கு எட்டும் தூரத்தில் கன்றை ஏற்றப்போகிறோமே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

தரகர் கோபால் கன்றின் கால்களைக் கட்டி வண்டியில் போட்டார். அது ஒருமுறை கத்தியது. அவ்வளவுதான். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தாள் செவலை.

குறுக்கே நின்றவர் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தினமும் அவர் கையால் தவிடு தின்றவள், நின்றுகூடப் பார்க்கவில்லை. தொடையில் கொம்பு இறங்கியது. தூக்கிச் சுவரில் அறைந்தாள். விழுந்தவரை முட்டி முட்டிப் புரட்டினாள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. சந்தெல்லாம் ரத்தம். அக்கம்பக்கத்தார் தடியோடு ஓடி வந்தார்கள். அடிக்க அடிக்க அவளுக்கு வெறிதான் ஏறியது. கல்லால் அடித்தார்கள். அவள் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அப்போதும் அவரை விடவில்லை.

நான் மண்ணில் விழுந்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"தாயே, இந்த மாட்ட சாவடி. இப்பவே சாவடி" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன்.

மாட்டை விலக்க முடியாத ஆத்திரத்தில் கூட்டம் தரகர் மேல் பாய்ந்தது. எல்லாம் இவனால் வந்த வினை என்று கீழே தள்ளி மிதித்தார்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை, தப்பி ஓடவும் இல்லை. வாயெல்லாம் ரத்தத்தோடு வண்டியை நோக்கித் தவழ்ந்தார்.

"என்னிய அப்பால அடிச்சிக்கோங்க நைனா. மொதல்ல கன்னுக்குட்டிய அவுக்க வுடுங்க" என்றார்.

முதுகில் உதை விழுந்துகொண்டே இருக்க, கத்தியால் கன்றின் கட்டை அறுத்துக் கீழே இறக்கிவிட்டார். கன்று தள்ளாடி எழுந்து கத்தியது. செவலை தலையைத் தூக்கினாள். என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, கன்றை நக்க ஆரம்பித்தாள். அவர் ரத்தம் இன்னும் அவள் கொம்பில் வழிந்துகொண்டிருந்தது. என் அம்மன் அந்தத் தரகர் கையாக வந்தாள் என்று அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

என் வீட்டுக்காரர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். முன்பல் இரண்டை இழந்த கோபால் அண்ணன்தான் அவரை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு மாடுகளைச் செங்கல்பட்டுப் பக்கம் நிலம் உள்ளவர்களிடம் கொடுத்துவிட்டோம். செவலையும் அவள் கன்றும் எங்களோடுதான். இனி ஒரு மாட்டைச் சினைக்கு விடலாமா என்று பேசும்போதே, காளை பிறந்தால் அதற்கும் தண்ணீர் இருக்கிறதா என்று பேசிவிடுகிறோம்.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் தாயிடம் போங்கள். வாய்க்கு வந்ததைக் கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள். எதைக் கொடுப்பது என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள். நான் கேட்டபடியே அந்த மாடு அங்கேயே செத்திருந்தால், அது கீழே கிடந்த என் வீட்டுக்காரர் மேலேதான் விழுந்திருக்கும்.