இரண்டரை அடிக் குழி

அந்தக் குழியைத் தோண்டியவன் நான். ஜாபர் அல்ல.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் யாரிடம்? உங்களிடம். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஜாபரைத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்... எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோர்வையாக எழுத வராது. ஆனாலும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

என் பெயர் டில்லிபாபு. கள்ளிக்குப்பத்தில் வீடு. ஜாபருக்குப் பூந்தமல்லி. அம்பத்தூரில் ஒரு மரச்சாமான் பட்டறையில் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் அவனை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பொருளை முடிக்கிறவன், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் பென்சிலால் தன் பெயரையும் தேதியையும் எழுதுவான். கட்டில் என்றால் சட்டத்துக்குக் கீழே, மேசை என்றால் இழுப்பறைக்கு அடியில். நடுவில் இழைத்தது யார், துளை போட்டது யார் என்ற பேச்சே கிடையாது. பெயர் யாருடையதோ, முழு வேலைக்கும் அவன்தான் பொறுப்பு. ஜாபர் அதை ஒரு நாளும் விட்டதில்லை. கனடாவுக்குப் போன பிறகும் விடவில்லை.

கனடாவுக்கு முதலில் போனவன் அவன். அங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் வீடுகளுக்கு டெக் போட்டுக் கொடுக்கும் வேலை நடத்தினார். வீட்டின் பின்கதவுக்கு வெளியே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், நாற்காலி போட்டு உட்காரப் பலகைத் தளம். அதுதான் டெக். மரத்தில் போட்டால் பனியிலும் மழையிலும் ஊறி உளுத்துவிடும். வருடா வருடம் சுரண்டி வர்ணம் பூசவேண்டும். அதனால் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து அழுத்திய பலகையில் போடுவோம். ஒருமுறை போட்டால் துடைப்பதைத் தவிர வேறு பராமரிப்பு இல்லை.

எனக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவன் ஜாபர்தான். “இவனுக்கு நான் கேரண்டி” என்று முதலாளியிடம் சொன்னானாம்.

நான் பயந்தாங்கொள்ளி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அந்த நாட்டில் போய் இறங்கியபோது எல்லாமே பயம். இங்கிலீஷ் பயம், குளிர் பயம், ‘உனக்கு வேலை வரவில்லை, ஊருக்குப் போ’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்...

முதல் நாளே முதலாளி சொல்லியிருந்தார்: “தூண் நிக்கற குழி நாலரை அடி. ஒரு விரல்கூடக் குறையக்கூடாது. இங்க குளிர்காலத்துல மண்ணுல இருக்கற ஈரம் உறைஞ்சு வீங்கும். ஆழம் பத்தலேன்னா தூணையே மேல தூக்கிடும்.”

தலையை ஆட்டினேன். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், நான் அதை நம்பவில்லை! ஆவடியில் கொத்தனாரோடு சேர்ந்து எத்தனை சுற்றுச்சுவருக்குக் கடைக்கால் தோண்டியிருக்கிறேன்? இரண்டடி போதும். மண் கீழே இறங்கும் என்று தெரியும். மேலே ஏறும் என்று நம்மில் யார் கண்டது!

நான் அந்தக் குழியைத் தோண்டிய வீட்டில் ஒரு வயதான அம்மாள் தனியாக இருந்தாள். கணவன் இருந்தவரை பழைய மர டெக்கைச் சுரண்டி வர்ணம் பூசியிருக்கிறார். அவர் போன பிறகு அவளால் முடியவில்லை. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டாள். பதினோரு மணிக்கு இரண்டு கோப்பை காபியோடு வருவாள். ஜாபருக்கு மட்டும் இரண்டு பிஸ்கட் அதிகம்.

“பாத்தியா, மூஞ்சிக்கி ஏத்த மரியாதை” என்பான் ஜாபர்.

“அய்ய, பசியில கீற மூஞ்சின்னு பரிதாபப்பட்டுக் குடுக்குது பாய்” என்பேன்.

அவள் ஒன்றும் புரியாமலே எங்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

பெரிய குழிகளையெல்லாம் ஒன்றாகத் தோண்டினோம். ஜாபர் ஒரு நீளக் கழியில் நாலரை அடி அளந்து, அங்கே கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தான். கழியைக் குழிக்குள் விட்டால் டேப் தரைமட்டத்துக்கு வரவேண்டும். நகராட்சி அதிகாரியும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான், படிக்கட்டின் கீழ்முனைக்கு இன்னொரு தூண் வேண்டும் என்று முதலாளி சொன்னார். ஜாபர் மேலே பலகை அடித்துக்கொண்டிருந்தான். நான் தனியாகத் தோண்டினேன்.

இரண்டரை அடியில் கடப்பாரை டங்கென்று நின்றது. பாறை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மெஷின் வரவழைத்து உடைத்திருப்பார்கள். அரை நாள் வேலை. ஆனால் மறுநாள் பனி விழும் என்று காலையிலிருந்தே முதலாளி பதறிக்கொண்டிருந்தார். நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ‘ஒரு குழி தோண்டத் தெரியவில்லையா?’ என்று கேட்டுவிட்டால்?

மேலேயிருந்து ஜாபர் குரல் கொடுத்தான்: “டில்லி, அளந்தியா?”

கழி பக்கத்தில்தான் சாய்ந்திருந்தது. நான் அதைத் தொடவே இல்லை.

“அளந்தேன் பாய்!”

அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னேன், அவன் நம்பினான். சிமெண்டுக் கலவையைக் கொட்டி மூடினேன். மறுநாள் பனிக்கு முன் படிக்கட்டை முடித்தோம். கடைசிப் படியின் பலகையைத் திருப்பி, அடியில் தன் பெயரையும் தேதியையும் எழுதினான் ஜாபர். எழுதிவிட்டு ஊதினான், பென்சில் தூள் பறக்க.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகிவிட்டது! அந்தப் பாறைக்கு அடியிலும் சுற்றிலும் மண் உறைந்து வீங்கியது. அந்த ஒரு தூண் மட்டும் மேலே எழும்பி, படிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு விரற்கடைதான் இருக்கும். அதன்மேல் பனி படிந்து கண்ணாடிபோல ஆகியிருந்தது. பறவைகளுக்குத் தீனி வைக்க இறங்கிய அந்த அம்மாள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. கடிதம் போட வந்தவர் சத்தம் கேட்டுப் பார்க்கிறவரை பனியிலேயே கிடந்தாளாம்...

அவள் பிழைத்தாள். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. மகள் அவளை முதியோர் விடுதியில் சேர்த்துவிட்டாள். எங்கள் டெக்கில் அவள் ஒரு கோடைகாலம்கூட உட்காரவில்லை.

பனி உருகியதும் முதலாளி எங்களை அங்கே அழைத்துப்போனார். தூணைச் சுற்றித் தோண்டினோம். நானும்தான் தோண்டினேன்! இரண்டரை அடியில் சிமெண்டு முடிந்தது. கீழே பாறை. அவர் கடைசிப் படியின் பலகையைக் கழற்றித் திருப்பினார். பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது.

“ஜாபர், உன் பேருதானே? குழியை யார் பாத்தது?”

ஜாபர் என் பக்கம் திரும்பவில்லை. அதை இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு முறை திரும்பியிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று தோன்றுகிறது. இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் பொய்யோ என்னவோ!

“என் பேரு போட்டாச்சு. நான்தான் பொறுப்பு முதலாளி” என்றான்.

நான் என் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது வண்டியில் மெதுவாகக் கேட்டான்: “டில்லி, கோவிச்சிக்காத. நெசமா அளந்தியா?”

“அளந்தேன் பாய்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்: “அப்ப கழியில டேப்பு நழுவிட்டிருக்கும். குளிருல பசை வுட்ருச்சி போல. நான்தான் ஒயுங்கா சுத்தல...”

“இருக்கும் பாய்” என்றேன்.

குழியைவிட, அளந்தேன் என்ற பொய்யைவிட, இந்த ‘இருக்கும் பாய்’தான் என்னைத் தின்கிறது. அவன் ஒரு காரணத்தைத் தேடித் தடவிக்கொண்டிருந்தான். நான் அவன் கையையே பிடித்து அவன் கழுத்தில் வைத்தேன். உங்களில் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? செய்யாமலே இருங்கள்.

அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த வேலை இல்லையென்றால் அந்த நாட்டில் இருக்க அனுமதியில்லை. ஒரு மாதத்தில் பூந்தமல்லிக்கு வந்துவிட்டான். நான் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். நிம்மதியாக இருந்தேனா என்று கேட்காதீர்கள். இருந்தேன், அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து பார்த்தால், ஜாபர் உளியைத் தொடுவதையே விட்டிருந்தான். மாமனாரின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான். நம் பக்கமும் மாடிகளில் இந்தப் பலகைத் தளம் போடுவது வந்துவிட்டது. நான் ஆவடியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து, அவனை வற்புறுத்தி அழைத்து வந்தேன். பாவத்துக்கு மருந்து போடுகிறோம் என்று நினைத்தேன். அவன் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அண்ணே, ஊட்டுல மூஞ்சக் குடுத்துப் பேசாத மனுசன இப்ப சிரிக்க வெச்சிட்டீங்க” என்கிறாள். அதைவிட அவள் செருப்பைக் கழற்றியிருக்கலாம்...

அவன் வேலை செய்வதை நீங்கள் பார்க்கவேண்டும். ஒரு பலகையை மூன்று முறை அளக்கிறான். அறுப்பதற்கு முன், “டில்லி, நீ ஒருதபா பாத்துடு, என் கண்ணு சரியில்ல” என்கிறான். அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அம்பத்தூரில் கண்ணாலேயே அளவு சொன்னவன் அவன். அவன் கை மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டவன் நான். இன்று என்னிடமே வந்து அளவு கேட்கிறான்.

சொல்லிவிடவேண்டும் என்று பலமுறை வாயைத் திறந்தேன். சொன்னால் அவன் என்ன செய்வான்? அடிப்பானா? அடித்தால் நல்லது. அழுதால்? ஒன்றும் பேசாமல் எழுந்து கடைக்கே போய்விட்டால்? வாய் தானாக மூடிக்கொள்ளும்.

போன மாதம் மாங்காட்டில் ஒரு வீட்டு மாடியில் வேலை முடிந்தது. வெயிலில் பலகை கால் வைக்க முடியாமல் கொதித்தது. கடைசிப் பலகையைத் திருப்பிப் போட்டு, பென்சிலை என்னிடம் நீட்டினான் ஜாபர். ஊருக்கு வந்ததிலிருந்து அவன் எந்தப் பலகையிலும் பெயர் எழுதுவதில்லை.

“நீ எழுது மச்சான். என் பேரு வாணாம், ராசியில்ல.”

வாங்கினேன். அவன் திருகாணி எடுக்கத் திரும்பினான். நான் குனிந்து எழுதினேன்: ‘அந்தக் குழியைத் தோண்டியவன் டில்லிபாபு. அளக்கவில்லை. டேப் நழுவவில்லை.’

“ஒரு பேரு எய்த இம்மா நேரமா? எட்டாவதுன்னு தெரியும், அதுக்குன்னு இப்டியா!” என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தான்.

ஒரு கணம்... ஒரே ஒரு கணம், அவன் பக்கமாக அந்தப் பலகையைத் திருப்பலாம் என்று நினைத்தேன். கை போனது. பிறகு எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தேன். ஜாபரே உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினான்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். “எப்பவாவது பிரிச்சுப் பாக்கணுமாப்பா?”

“அந்த வேலையே இல்ல சார்” என்றான் ஜாபர். “மரமாருந்தா உளுத்துப்போச்சான்னு தூக்கிப் பாக்கணும். இத்த இருவது இருவத்தஞ்சு வருசத்துக்கு யாரும் தொட வாணாம்.”

கீழே இறங்கி வண்டியில் சாமான்களை ஏற்றும்போது அவன் நின்றுவிட்டான். மாடியை அண்ணாந்து பார்த்தான். கையில் அளவு டேப்.

“டில்லி, அந்த ஓரத்துல... இன்னொருதபா அளந்திருக்கலாமோ?”

“சரியாத்தான் கீது பாய். நான் பாத்தேன்.”

அவன் நம்பினான்.