வேதாகம உறைக்குள் பத்தொன்பது மாத்திரைகள்

முதலில் சொல்வழி கேட்காமல் போனது என் வலது கைதான். கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டில், காலை ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தோம். சங்கீதம் வாசிக்கிற முறை என்னுடையது. பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறேன், விரல்கள் சும்மா கிடக்கின்றன. வாயைத் திறந்தால் வார்த்தை குழைந்து கூழாக வந்தது.

"என்னப்பா, நித்திரை இன்னும் முறியேல்லையே?" என்று என் கணவர் சிரித்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்ததாம். வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கியபடியே என்னை ஓட்டோவில் ஏற்றினார்.

சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சலால் (மூட்டுகளோடு இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்) என் இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. அதனால் வருடக்கணக்காக, மாலை ஏழு மணிக்கு வாபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) போடுகிறவள் நான். ஆனால் அதை நிறுத்திப் பத்தொன்பது நாளாகியிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்தது இதுதான். வெள்ளவத்தையில் எங்கள் சபையில் சுகமளிக்கும் ஜெபம் நடந்தது. பாஸ்டர் தலையில் கை வைத்தபோது நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. அடுத்த ஞாயிறு, பெற்ற நன்மையைச் சபைமுன் சொல்லும் சாட்சி நேரத்தில் எழும்பி, "கர்த்தர் எனக்குப் புது இதயம் தந்திட்டார்" என்றேன். சபை முழுக்க அல்லேலூயா. வீட்டுக்கு வந்து மாத்திரையை எடுத்தால் கை கூசியது. இதை விழுங்கினால் சாட்சி பொய்யாகிவிடுமே. ஒவ்வொரு நாள் மாத்திரையையும் வேதாகமத்தின், இழுத்து மூடும் சிப் வைத்த உறைக்குள் ஒளித்தேன். வீம்பு என்றால் அதுதான்.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டொக்டர் அவசரமாகக் கேட்டார்: "வாபரின் ஒழுங்காப் போடுறவவா?"

"ஓம் டொக்டர், ஒரு நாளும் விட்டதில்லை." என் கணவர் நம்பித்தான் சொன்னார்.

"மூளைக்குப் போற இரத்தக்குழாயை ஒரு இரத்தக்கட்டி அடைச்சிருக்கு. கரைக்கிற ஊசி இருக்கு. ஆனா வாபரின் போடுறவைக்கு அதைக் குடுத்தா மூளைக்குள்ள இரத்தம் கசியலாம்."

நான் போடவில்லை என்று காட்டத் தலையை இடம்வலமாக ஆட்டினேன். "பயப்படாதையும்" என்றார் இவர். இடது கையால் வேதாகமத்தை இழுத்தேன். ஜெபிக்கக் கேட்கிறேன் என்று நினைத்து, அதை என் நெஞ்சில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார் மனுசன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வாய்தான் இல்லை. சிப்பைப் பிடித்து இழுத்தேன். மாத்திரைகள் கட்டிலெல்லாம் சிதறின.

டொக்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "நிப்பாட்டிட்டீங்களா?"

ஆம் என்று தலையசைத்தேன். இரத்தத்தைச் சோதித்து உறுதி செய்துகொண்டு ஊசி போட்டார்கள். மத்தியானம் வலது கைப் பெருவிரல் அசைந்தது. நானும் இவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சில நாள் கழித்து எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். திரையில் அந்தச் சுருங்கிய வால்வு திறந்து மூடிக்கொண்டிருந்தது. புதுசு இல்லை, பழையதேதான். நான் கைவிட்ட அத்தனை நாளும் அது என்னைக் கைவிடவில்லை.

"நான்... நித்திரை கொள்ளேக்கையும்... அடிக்குமா?" என்று திக்கித் திக்கிக் கேட்டேன்.

"ஓம் அக்கா. நீங்க பிறக்க முதலே தொடங்கினது" என்றார் எக்கோ எடுத்தவர்.

இத்தனை வருடமும் நான் அற்புதத்தை வெளியில் தேடியிருக்கிறேன்.

வீடு திரும்பிய பிறகு வெட்கம் என்னைத் தின்றது. ஆட்களைக் காணப் பயம், சாப்பாடு இறங்கவில்லை. டொக்டர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். ஜெபத்தைப் போலவே அதுவும் உதவியது. பாஸ்டர் வந்தார். "நான் மருந்தை நிப்பாட்டச் சொன்னனானா அக்கா?" என்றார். இல்லை என்றேன். "ஆனா போடுறீங்களா எண்டு கேட்டிருக்க வேணும்" என்று கண் கலங்கினார். இதை வாசிக்கிற உங்களுக்கும் இப்படி ஒரு மாத்திரை இருந்தால், அதைப் போட்டுக்கொண்டே விசுவாசியுங்கள்.

மூன்று மாதம் கழித்து, மாலை ஆராதனையில் மறுபடி சாட்சிக்கு எழும்பினேன். "போன முறை... நான் சொன்னது... பொய்." ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து என் ஃபோனில் ஏழு மணி அலாரம் அடித்தது. வேதாகம உறையின் சிப்பைத் திறந்தேன். வலது கையால் மாத்திரையைப் பொறுக்கி எடுக்க ஒரு நிமிடம் சென்றிருக்கும். முன்பென்றால் கூசிப்போயிருப்பேன். இப்போது எனக்கு அவசரமில்லை. சபை காத்திருந்தது. நெஞ்சுக்குள்ளே அந்தப் பழைய இதயம் தன் பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

விழுங்கினேன். பிறகு அல்லேலூயாவை நானே சொன்னேன். அந்தச் சொல் முழுசாக வந்தது.