பானையில் இருந்த எலும்பு

வடக்கே, மோதி பாக் அரசு ஊழியர் குவார்ட்டர்ஸில் வழுக்கி விழுந்ததில், குமாஸ்தா உஷாராணியின் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட தமிழ் டாக்டர் தேற்றினார்.

“எலும்புல ஒரு செல் பழசை அரிச்செடுக்கும்மா, இன்னொண்ணு புதுசா கட்டும். பத்து வருஷத்துல மொத்த எலும்பும் புதுசாயிடும்.”

“அச்சா” என்றாள்.

கணவர் ஜோதிலிங்கம் இறந்தது தொண்ணூற்றிரண்டில். இது இரண்டாயிரத்து மூன்று. ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டிய அஸ்தி இன்னும் பானையோடு சுடுகாட்டு லாக்கரில் இருந்தது. அரசாங்கம் டிக்கெட் தரும் எல்.டி.சி. இல்லாமல் அந்தக் குவார்ட்டர்ஸில் யார் ஊருக்குப் போனார்கள்? கிடைத்த எல்.டி.சி.யெல்லாம் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கே போயிற்று.

மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தாள். வலிக்கவில்லை. அவரோடு வாழ்ந்த எலும்பு இந்த உடம்பில் இனி இல்லை. மிச்சமிருப்பது அந்தப் பானையில்தான்.